முதுகில் குவளை வைக்கப் போகிறீர்களா?

வாசகர் கேள்விகள்: மருத்துவப் பக்கம்

தோலில் குவளைகளைக் கவிழ்த்து, உள்ளே காற்றழுத்தத்தைக் குறைத்துத் தோலை மேலே இழுக்கும் சீனக் கப்பிங் சிகிச்சை பற்றி தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து கடிதங்கள் சேர்ந்துகொண்டே போகின்றன. அதனால் இந்த இதழின் மருத்துவப் பக்கங்கள் முழுவதும் அதற்கே. ஒரே விஷயத்தைக் கேட்டவர்களின் கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

பாலக்கோடு வாசகி: தக்காளி மண்டியில் கணக்கு எழுதும் வேலை. நாள் முழுக்கக் குனிந்தே இருப்பதால் கழுத்தும் தோளும் கல்லு மாதிரி இறுகிக் கிடக்கின்றன. கப்பிங் போய்ப் பார் என்கிறார் என் நாத்தனார். உள்ளே போனால் என்னென்ன செய்வார்கள்? வலிக்குமா?

குவளை உடம்பில் ஒட்டியிருக்கும் நேரம் பத்து நிமிடம்கூட இல்லை. அதற்கு முன்னால் நடக்கும் விசாரிப்புதான் நீளமாக இருக்க வேண்டும். வலி எப்போது தொடங்கியது, கைக்கு இறங்குகிறதா, விரல் மரத்துப்போகிறதா, சர்க்கரை உண்டா, என்னென்ன மாத்திரை எடுக்கிறீர்கள், கர்ப்பமா, சமீபத்தில் அடிபட்டதா என்றெல்லாம் கேட்டு, ரத்த அழுத்தமும் பார்த்த பிறகுதான் படுக்கச் சொல்ல வேண்டும். நுழைந்ததும் நுழையாததுமாக “குப்புறப் படுங்க” என்றால், செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பிவிடலாம்.

வெறும் வயிற்றோடு போகாதீர்கள். மூக்கு முட்டச் சாப்பிட்டுவிட்டும் வேண்டாம். இரண்டு இட்லி சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துப் போனால் சரியாக இருக்கும். பசி, பயம், குப்புறக் கிடந்துவிட்டுச் சட்டென எழுவது, இந்த மூன்றும் சேர்ந்தால் மயக்கம் வரும். முன்பக்கம் மூடி முதுகு மட்டும் தெரிகிற மாதிரி உடை போட்டுக்கொள்ளுங்கள். கூடவே ஒரு பெண் இருக்க வேண்டும் என்று கேட்பது உங்கள் உரிமை. தயங்க வேண்டாம்.

கழுத்து, தோள் வலிக்குக் குவளை உட்காரும் இடங்கள் பெரும்பாலும் இவை: தலையைக் குனிந்தால் பின்கழுத்தின் அடியில் துருத்தும் எலும்பின் கீழே ஒன்று, கழுத்துக்கும் தோள் முனைக்கும் நடுவே, சீனர்கள் ‘தோள்கிணறு’ என்று பெயர் வைத்திருக்கும் சதைப்பற்றான இடத்தில் பக்கத்துக்கு ஒன்று, முதுகெலும்பிலிருந்து இரண்டு விரல் தள்ளி இருபுறமும் இரண்டிரண்டு. எலும்பு முடிச்சின் மேலேயே வைத்தால் விளிம்பு சரியாகப் பதியாது, காற்று புகுந்து கழன்று விழும். கழுத்துக்குச் சின்னக் குவளை, முதுகுக்குப் பெரியது. தோலில் எண்ணெயோ வாசலினோ லேசாகத் தடவுவார்கள். விளிம்பு நன்றாகப் பதியவும், எடுத்த பிறகு தோல் உரியாமல் இருக்கவும் அது வேண்டும்.

முதலில் சிலர் குவளையை வைத்து வைத்து உடனே எடுப்பார்கள். தசை பழக வேண்டும் என்பதற்காக. பிறகு நிறுத்தி வைப்பார்கள். முதல் முறை என்றால் மென்மையான இழுப்பில் 5 நிமிடம் போதும். பழகியவர்களுக்கு 10 நிமிடம் வரை. 15 நிமிடத்தைத் தாண்டினால் கொப்புளத்தை நாமே வரவழைத்தது போல. இன்னொரு விதத்தில், எண்ணெய் தாராளமாகத் தடவி, ஒட்டிய குவளையை முதுகில் மேலும் கீழுமாக நகர்த்துவார்கள். அது மசாஜ் போல இருந்தாலும் இறுகிய தசையில் நன்றாகவே வலிக்கும்.

தோலை யாரோ மெல்லப் பற்றி மேலே தூக்குவது போன்ற இறுக்கமும் கொஞ்சம் வெதுவெதுப்பும் இயல்பு. சுருக்கென்ற வலி, எரிச்சல், மரத்துப்போதல், குளிர்ந்த வியர்வை, காதில் இரைச்சல் என எது வந்தாலும் அப்போதே சொல்லுங்கள். ‘கொஞ்சம் பொறுத்துக்குங்க’ என்ற பதிலை ஏற்க வேண்டாம். குவளையை எடுக்கும்போது விளிம்பு ஓரத் தோலை விரலால் அழுத்துவார்கள். ‘புஸ்’ என்று காற்று புகுந்து குவளை தானாகக் கையோடு வரும். பிடுங்கக் கூடாது. கைப் பம்பால் காற்றை இழுக்கும் பம்ப் குவளையில் உச்சியில் இருக்கும் சின்ன வால்வு முள்ளைத் தூக்கிவிட்டாலே போதும்.

எடுத்ததும் எழாதீர்கள். ஒருக்களித்து, உட்கார்ந்து, ஐந்து நிமிடம் கழித்துத் தண்ணீர் குடித்துவிட்டு எழுங்கள். வட்டத் தழும்புகள் முதலில் சிவந்தும் ஊதாவாகவும், பிறகு பச்சை, மஞ்சள், பழுப்பு என்றும் மாறி, 7 முதல் 10 நாளில் மறையும். சிலருக்கு இரண்டு வாரம் ஆகும். அன்றும் மறுநாளும் அடித்துப் போட்ட மாதிரி உடம்பு வலிக்கலாம். தழும்பைத் தேய்க்கவோ, அந்த இடத்தில் வெந்நீர் ஒத்தடம் கொடுக்கவோ வேண்டாம்.

இன்னொன்று: மண்டியில் நோட்டை மேசை மேல் உயர்த்தி வைத்து எழுதாதவரை, தோள் மறுபடியும் இறுகிக்கொண்டுதான் இருக்கும்.

ஓசூர் வாசகர்: பஞ்சைக் கொளுத்திக் கண்ணாடிக் குவளைக்குள் காட்டுகிறார்கள். ஆக்சிஜன் எரிந்து தீர்வதால் வெற்றிடம் உண்டாகி ஒட்டுகிறது என்று சொல்கிறார்கள். முதுகு வெந்துபோகாதா? பம்ப் வைத்து இழுப்பதும் இதுவும் ஒன்றுதானா?

பள்ளிக்கூடத்தில் தண்ணீர்த் தட்டில் மெழுகுவத்தியை ஏற்றி டம்ளரைக் கவிழ்க்கும் சோதனையிலும் இதே தவறான விளக்கத்தைத்தான் பலர் படித்திருப்போம். ஆக்சிஜன் செலவாவது உண்மை. ஆனால் அதன் இடத்தில் கரியமில வாயுவும் நீராவியும் வந்துவிடுகின்றன. முக்கியமான வேலையைச் செய்வது சூடு. சூட்டில் காற்று விரிந்து குவளையிலிருந்து ஒரு பகுதி வெளியேறுகிறது. தோலில் கவிழ்த்ததும் மிச்சக் காற்று ஆறிச் சுருங்குகிறது. உள்ளே அழுத்தம் குறைந்து தோல் மேலெழும்புகிறது. 5 சென்டிமீட்டர் விட்டமுள்ள வாய் என்றால் பரப்பு சுமார் 20 சதுர சென்டிமீட்டர். உள்ளழுத்தம் வெளிக்காற்றைவிடக் கால் பங்கு குறைந்தால் அந்த வட்டத்தின் மேல் ஏறத்தாழ 5 கிலோ இழுவிசை. ஆறேழு குவளை வைத்தால் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்.

நெருப்பு முதுகில் படுவதில்லை, சரியாகச் செய்தால். 95 சதவீத ஆல்கஹாலில் நனைத்த பஞ்சை இடுக்கியில் பிடித்து, நன்றாகப் பிழிந்து, கொளுத்தி, குவளையின் நடுவில் ஒரு சுற்றுச் சுற்றி வெளியே எடுத்துவிட்டுத்தான் கவிழ்க்க வேண்டும். ஒன்றிரண்டு நொடி வேலை. தீக்காயம் வருவது மூன்று இடத்தில். பஞ்சைப் பிழியாவிட்டால் எரியும் துளி சொட்டும். தீயை விளிம்பருகே நிறுத்திவிட்டால் விளிம்பு சூடேறி வட்டமாகச் சுடும். ஒரே குவளையைத் திரும்பத் திரும்பச் சூடாக்கினால் கண்ணாடியே கொதிக்கும். மூன்று நான்கு முறைக்கு ஒருமுறை குவளையை மாற்ற வேண்டும். எரியும் காகிதத்தையோ, நாணயத்தில் சுற்றிய திரியையோ தோலின் மேலேயே வைத்துக் குவளையைக் கவிழ்க்கும் பழைய முறைகளும் உண்டு. அவற்றைச் செய்ய முன்வருபவரிடம் முதுகைக் கொடுக்காதீர்கள்.

மின்விசிறி நின்றிருக்க வேண்டும். ஸ்பிரிட் பாட்டில் மூடியபடி எட்டத்தில் இருக்க வேண்டும். ஆல்கஹால் தீ பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. அணைந்துவிட்டது என்று நினைத்துப் பஞ்சைக் கீழே வைப்பதால் விபத்து நடக்கிறது. ஈரத் துணி ஒன்று பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

பம்ப் குவளையில் சூடு கிடையாது; எத்தனை இழுப்பு என்று எண்ணிக் கட்டுப்படுத்தலாம். தீக்காய பயம் இல்லை என்பதால் அளவு மீறி இழுத்துவிடுவதுதான் அதில் நடக்கும் தவறு. மூங்கில் குவளைகளைக் கொதிநீரிலோ மூலிகைக் கஷாயத்திலோ போட்டு எடுத்து வைக்கும் முறையும் சீனாவில் இருக்கிறது. இங்கே அதைக் காண்பது அரிது.

காவேரிப்பட்டணம் வாசகர்: எனக்கு வைத்த ஆறு வட்டத்தில் இரண்டு கறுத்துவிட்டன. “அங்கேதான் நச்சு தேங்கியிருக்கு, இன்னும் அஞ்சு தடவை எடுக்கணும்” என்றார் சிகிச்சையாளர். உண்மையா?

இல்லை. இழுப்பில் தோலுக்கடியில் இருக்கும் நுண் ரத்தக் குழாய்கள் விரிந்து, சில உடைந்து, சிவப்பணுக்கள் வெளியே கசிகின்றன. கதவு இடுக்கில் விரல் மாட்டினால் கன்றிப்போகுமே, அதே சமாச்சாரம்தான். இழுப்பு கூடினால், நேரம் கூடினால், தோல் மெல்லியதாக இருந்தால் கறுப்பும் கூடும். ஒரே ஆளுக்கு, ஒரே இடத்தில் 3 நிமிடம் வைத்தால் இளஞ்சிவப்பு வரும். 12 நிமிடம் வைத்தால் கத்தரிக்காய் நிறம் வரும். நடுவில் நச்சு எங்கிருந்து வந்தது?

நிறத்தைப் பார்த்துக் குறி சொல்வது சீன மருத்துவ மரபில் இருக்கிறது. கரும் ஊதா என்றால் ரத்தம் தேங்கியிருக்கிறது, வெளிறியிருந்தால் உடலில் வலு குறைவு என்று அவர்கள் வகைப்படுத்துவார்கள். அது அந்த மரபின் மொழி. பரிசோதனைக்கூட முடிவுபோல அதை எடுத்துக்கொள்ள முடியாது.

யோசித்துப் பாருங்கள்: அந்த ரத்தம் வெளியே போகவே இல்லை. குழாயை விட்டுக் கசிந்து தோலுக்குள்ளேயே நிற்கிறது. அதை உங்கள் உடம்புதான் மெல்ல மெல்ல உடைத்துத் துப்புரவு செய்ய வேண்டும். தழும்பு பச்சையாகி மஞ்சளாகிப் பழுப்பாவது அந்தத் துப்புரவின் அடையாளம். கழிவை வெளியேற்றும் வேலை கல்லீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் உரியது. குவளைக்கு அந்த உத்தியோகம் இல்லை.

தர்மபுரி வாசகர், ஓய்வுபெற்ற ஆசிரியர்: இது சீனர்களுடையதா, அரபுக்காரர்களுடையதா, இல்லை நம்முடையதா?

யாரும் தனியாகப் பட்டா வாங்க முடியாத வைத்தியம் இது. சீனாவில் ஹூனான் மாகாணத்தின் மாவாங்துய் என்ற இடத்தில் 1973இல் ஒரு கல்லறையைத் தோண்டியபோது பட்டுத் துணியில் எழுதிய மருத்துவச் சுவடிகள் கிடைத்தன. கல்லறை மூடப்பட்டது கி.மு. 168இல். அந்தச் சுவடிகளில் ஒன்று, மூல நோய்க்கு விலங்குக் கொம்பை வைத்து உறிஞ்சுவதைச் சொல்கிறது. அதனால் சீனாவில் இதன் பழைய பெயரே ‘கொம்பு முறை’. கி.பி. 4ஆம் நூற்றாண்டு வைத்தியர் கே ஹோங்கும் இதை எழுதியிருக்கிறார். பிற்பாடு மூங்கில், மண், கண்ணாடி என்று பாத்திரம் மாறியது. ‘தடை இல்லாத இடத்தில் வலி இல்லை, வலிக்கும் இடத்தில் தடை’ என்பது அங்கே வைத்தியர்களின் வாய்ப்பாடு. தேங்கிய ‘சீ’ என்னும் உயிராற்றலையும் ரத்தத்தையும் ஓடவிடுவதுதான் குவளையின் வேலை என்பது அவர்கள் கொள்கை.

நம் பக்கம் பழைய ஆயுர்வேத நூலான சுஸ்ருத சம்ஹிதை ரத்தம் எடுக்க மூன்றைச் சொல்கிறது: பசுக் கொம்பு, அட்டை, சுரைக்குடுக்கை. குடுக்கைக்குள் சுடரை வைத்து ஒட்டவைக்கச் சொல்கிறது. தீக்குவளையின் அதே நுட்பம்! சித்த மருத்துவத்தின் 32 புறமருத்துவ முறைகளில் அட்டைவிடல், உறிஞ்சல், குருதி வாங்கல் மூன்றும் வருகின்றன. அதே பட்டியலில் இருக்கும் ‘கொம்பு கட்டல்’ என்பதைக் கப்பிங் என்று சிலர் எழுதுகிறார்கள். அது எலும்பு முறிவுக்குச் சட்டம் வைத்துக் கட்டுவது. கிருஷ்ணகிரி பக்கம் உருது பேசும் குடும்பங்களில் புழங்கும் ‘ஹிஜாமா’ யுனானி வழியில் வந்தது. அதில் கீறி ரத்தம் எடுப்பதற்கு முக்கிய இடம். சீன முறையிலோ ரத்தம் எடுக்காத உலர் கப்பிங்தான் அதிகம். 2016 ரியோ ஒலிம்பிக்கில் நீச்சல் வீரர் மைக்கேல் பெல்ப்ஸ் தோளில் தெரிந்த வட்டங்களும் அந்த வகைதான். அதன் பிறகுதான் நம் ஊர்வரை இந்தப் பேச்சு வந்தது.

பென்னாகரம் வாசகர்: அப்பாவுக்கு 62 வயது. முதுகு விறைத்து, குனியவே முடியவில்லை; கழுத்தும் திரும்பவில்லை. பல்லெல்லாம் சின்ன வயதிலிருந்தே பழுப்புக் கறை. போர் தண்ணீர் குடித்து வளர்ந்தவர். பத்து முறை கப்பிங் செய்தால் முதுகு இளகும் என்று முன்பணம் கேட்கிறார்கள்.

பணத்தைக் கொடுக்காதீர்கள். நீங்கள் எழுதியிருக்கும் அடையாளங்கள் மூன்றும் (பல் கறை, போர் தண்ணீர், விறைத்த முதுகு) நம் மாவட்டத்தில் முதலில் ஃப்ளூரோசிஸைத்தான் (ஃப்ளூரைடு மிகுந்த தண்ணீரால் வரும் நோய்) நினைக்க வைக்கும். குடிநீரில் ஃப்ளூரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். வேறு தண்ணீர் இல்லாத பட்சத்தில் 1.5 வரை என்பது இந்தியத் தர நிர்ணயம். அதற்கு மேல் வருடக்கணக்கில் குடித்தால் அது எலும்பில் படியும். எலும்புகளை இணைக்கும் நார்களும் சுண்ணாம்பேறி இறுகும். அப்பாவின் விறைப்பு எலும்பிலும் நாரிலும் இருந்தால், தோலையும் மேல் தசையையும் இழுக்கும் குவளை அங்கே எட்டவே எட்டாது. வலியில் இரண்டு நாள் ஆறுதல் கிடைக்கலாம், குனிய வைக்காது.

தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். முதுகெலும்போடு முன்கையையும் எக்ஸ்ரே எடுப்பார்கள். முன்கையின் இரண்டு எலும்புகளுக்கு நடுவிலுள்ள சவ்வு சுண்ணாம்பேறியிருப்பது இந்த நோயைக் காட்டிக்கொடுக்கும். சிறுநீரில் ஃப்ளூரைடு அளவும் பார்க்கலாம். குடிக்கவும் சமைக்கவும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீருக்கு மாறுங்கள். போர் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் ஃப்ளூரைடு போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட செறிவு கூடத்தான் செய்யும். கேழ்வரகு, பால், நெல்லிக்காய் சேர்க்கலாம். கடுந்தேநீரைக் குறைக்கலாம், அதிலும் ஃப்ளூரைடு உண்டு.

கால் வலுவிழந்தாலோ, நடை தள்ளாடினாலோ, சிறுநீர் மலம் கட்டுப்படாமல் போனாலோ தண்டுவடம் நெரிபடுவதாக இருக்கலாம். அன்றே மருத்துவமனை போக வேண்டும்.

அரூர் வாசகி: அம்மாவுக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்து எட்டு மாதம். சர்க்கரையும் உண்டு. தோள்பட்டை வலிக்குக் கப்பிங் செய்யலாமா? ரத்தம் உறையாத மாத்திரையை மூன்று நாள் நிறுத்திவிட்டு வரச் சொல்கிறார்கள்.

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். மாத்திரையை ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாது. குளோபிடோக்ரெல், ஆஸ்பிரின் இரண்டும் ஸ்டென்டுக்குள் ரத்தம் உறையாமல் காக்கின்றன. இதய மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தினால் மாரடைப்பு வரலாம். தோள் வலிக்காக அந்த ஆபத்தை வாங்க வேண்டாம். மாத்திரையோடு கப்பிங் செய்தாலோ கன்றல் பெரிதாகும், கொப்புளத்தில் ரத்தம் கட்டும். ஆக, இரண்டு வழியும் அடைபட்டது. அம்மாவுக்குக் கப்பிங் வேண்டாம். சர்க்கரை உள்ளவர்களுக்குத் ‘உறைந்த தோள்’ (தோள் மூட்டு இறுகி அசைக்க முடியாமல் போவது) வருவது சகஜம். பிசியோதெரபி பயிற்சிக்குக் கூட்டிப்போங்கள்.

வேறு யாருக்கெல்லாம் ஆகாது? ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் போன்ற மாத்திரை எடுப்பவர்கள், ரத்தம் உறையாத பரம்பரை நோய் உள்ளவர்கள், டெங்கு போலத் தட்டணு குறைந்திருப்பவர்கள், காய்ச்சலில் கிடப்பவர்கள், ஸ்டீராய்டு நெடுநாள் சாப்பிட்டுத் தோல் மெலிந்தவர்கள், காலில் ரத்தக்கட்டி உள்ளவர்கள், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள். கர்ப்பிணிகளுக்கு வயிறும் கீழ்முதுகும் விலக்கு; ‘கர்ப்பம் என்றால் வேண்டாம்’ என்று ஒரேயடியாக வைத்துக்கொள்வது நல்லது. சோரியாசிஸ், வெண்படை உள்ளவர்களுக்குக் குவளை பட்ட இடத்தில் அதே நோய் வட்டமாகக் கிளம்பலாம். சுருள் நரம்பு, மச்சம், புண், எக்சிமா, நாடி துடிக்கும் இடம் ஆகியவற்றின் மேல் யாருக்குமே வைக்கக் கூடாது. சர்க்கரையால் உணர்ச்சி மங்கியவருக்குச் சுடுவதே தெரியாது என்பதால் தீக்குவளை கூடவே கூடாது.

கிருஷ்ணகிரி வாசகர்: ரத்தம் எடுக்கும் கப்பிங் செய்துகொண்டேன். ஜெல்லி மாதிரி கட்டி கட்டியாக வந்தது. கெட்ட ரத்தம் என்று காட்டினார்கள். சுத்தமாகத்தான் செய்தார்களா என்று இப்போது சந்தேகம்.

யாருடைய ரத்தத்தை வெளியே எடுத்து வைத்தாலும் ஐந்து பத்து நிமிடத்தில் கட்டியாகும். உறையாமல் ஓடிக்கொண்டே இருந்தால்தான் கவலைப்பட வேண்டும். கட்டியைக் காட்டிப் பயமுறுத்துவது வியாபாரம்.

சந்தேகப்பட வேண்டியது சுத்தத்தைப் பற்றித்தான். ஈரக் கப்பிங்கில் முதலில் உலர்வாக 3 முதல் 5 நிமிடம் வைத்து, எடுத்து, கிருமிநாசினி தடவி, மேல்தோலில் மட்டும் குத்தி அல்லது கீறி, மறுபடியும் குவளை வைக்கிறார்கள். கவனிக்க வேண்டியவை: ஊசி அல்லது பிளேடு உறையை உங்கள் கண் முன்னே பிரித்தார்களா? கையுறை புதிதா? குவளை புதிதா? பயன்படுத்திய கூரான பொருள் துளைபடாத வெள்ளை டப்பாவுக்கும், ரத்தப் பஞ்சு மஞ்சள் பைக்கும் போனதா? 2016ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு விதிகள் கேட்பது இதைத்தான். ‘உங்களுக்கென்று தனி செட், கழுவி வைத்திருக்கிறோம்’ என்பது போதாது. பிளாஸ்டிக் பம்ப் குவளையின் வால்வுக்குள்ளும் ரத்தம் ஏறும். அங்கே கை எட்டாது, கழுவ முடியாது. ஹெபடைடிஸ் பி கிருமி காய்ந்த ரத்தத்தில் குறைந்தது ஏழு நாள் உயிரோடு இருக்கும். ஆகவே ரத்தம் எடுத்த பிளாஸ்டிக் குவளை ஒருமுறையோடு குப்பைக்குப் போக வேண்டும். கண்ணாடிக் குவளை என்றால் சோப்பில் தேய்த்துக் கழுவி, நீராவி அழுத்தத்தால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் 121 டிகிரியில் 15 முதல் 20 நிமிடம். ஸ்பிரிட்டில் துடைப்பது கணக்கில் சேராது.

இந்த நிபந்தனைகளில் ஏதாவது தவறியிருந்தால் ஒரு மருத்துவரைப் பார்த்து ஹெபடைடிஸ் பி, சி, எச்ஐவி பரிசோதனைகளை எப்போது செய்வது, தடுப்பூசி வேண்டுமா என்று கேளுங்கள். தாமதிக்க வேண்டாம், சில தடுப்பு மருந்துகளுக்கு மணிக்கணக்கில்தான் அவகாசம். அடுத்து ரத்ததானம் செய்யப் போகும்போது இதை மறைக்காமல் சொல்லுங்கள். இனிமேல் போவதானால் பதிவு பெற்ற யுனானி மருத்துவர்தானா என்று சான்றிதழைப் பாருங்கள். ஹீமோகுளோபின் பார்க்காமல் கீற விடாதீர்கள். ரத்தசோகை உள்ள பெண்கள் மாதாமாதம் இதைச் செய்துகொண்டு இன்னும் வெளிறிப்போவது உண்டு.

ஊத்தங்கரை வாசகர்: ஆன்லைனில் 12 குவளை பம்ப் செட் வாங்கிவிட்டேன். வீட்டில் என் மனைவிக்கு வைக்கலாமா?

வைக்கலாம், மேலே சொன்ன விலக்குகள் எதுவும் இல்லை என்றால். மேல்முதுகு, இடுப்புக்கு இருபுறமும் உள்ள தசை, தொடையின் வெளிப்புறம், இவ்வளவோடு நிறுத்துங்கள். முன்கழுத்து, மார்பு, வயிறு, அக்குள், தொடை இடுக்கு, முழங்கால் பின்மடிப்பு, முகம் வேண்டாம். ஒன்றோ இரண்டோ இழுப்பு. தோல் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் எழும்ப வேண்டாம். ஒரே நேரத்தில் நான்கு குவளைக்கு மேல் வேண்டாம். போன் அலாரத்தில் 4 நிமிடம் வையுங்கள். குவளையோடு தூங்கிவிட்டு முதுகு முழுக்கக் கொப்புளத்தோடு எழுந்தவர்கள் இருக்கிறார்கள்.

கழன்று கழன்று விழுந்தால் இன்னும் பலமாக இழுக்காதீர்கள். முடி இருக்கிறதா, எலும்பு மேட்டில் வைத்தீர்களா, எண்ணெய் போதவில்லையா, வால்வின் ரப்பர் காய்ந்து வெடித்திருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் ரப்பர்தான். விளிம்பில் பிசிறு இருக்கும் குவளையை ஒதுக்கிவிடுங்கள், தோலைக் கிழிக்கும். பெட்டிக்குள் ஊசி வந்திருந்தால் தொடாதீர்கள். நெருப்பு வைத்து வீட்டில் செய்வது, எத்தனை வீடியோ பார்த்திருந்தாலும், வேண்டாம்.

தேன்கனிக்கோட்டை வாசகி: இரண்டு நாளைக்கு முன் வைத்த இடத்தில் எலுமிச்சை அளவு கொப்புளம். உடைத்துவிடச் சொல்கிறார்கள்.

உடைக்காதீர்கள். மேல்தோல்தான் இப்போதைக்கு நல்ல கட்டு. சோப்புத் தண்ணீரில் மெல்லக் கழுவி, வாசலின் தடவி, சுத்தமான காஸ் துணியால் மூடுங்கள். தானாக உடைந்தால் தோலை உரித்தெடுக்காமல் அப்படியே படியவிட்டுக் கட்டுங்கள். எலுமிச்சை அளவு என்கிறீர்கள். அவ்வளவு பெரியதை ஒருமுறை ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டிவிடுவது மேல், டெட்டனஸ் ஊசி வேண்டுமா என்றும் பார்ப்பார்கள். சுற்றிலும் சிவப்பு பரவினாலோ, சீழ், காய்ச்சல் வந்தாலோ, சர்க்கரை இருந்தாலோ உடனே போங்கள். நெருப்பால் சுட்டதென்றால் சுட்ட உடனே 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்ட வேண்டும். பற்பசை, பேனா மை, அரிசி மாவு எதுவும் வேண்டாம். ஆறிய பிறகு நம்மைப் போன்ற மாநிறத் தோலில் கறுப்பு வட்டம் மாதக்கணக்கில் நிற்கலாம். வெயில் படாமல் மூடிக்கொள்ளுங்கள்.

நெருப்புச் சுடவில்லை என்றால், நேரம் கூடிப்போனது, இழுப்பு மிஞ்சியது, போன தழும்பு மறைவதற்கு முன்னே அதே இடத்தில் வைத்தது, பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றுதான் காரணமாக இருக்கும். செய்தவரிடம் எது என்று கேளுங்கள். ‘நச்சு நீர் வெளியேறுது, நல்லதுதான்’ என்றால் அங்கே திரும்பப் போகாதீர்கள்.

சூளகிரி வாசகர்: ரோஜாத் தோட்டத்தில் வேலை, இடுப்பு வலி. எத்தனை முறை செய்தால் குணமாகும்? நிஜமாகவே பலன் இருக்கிறதா?

கழுத்து வலி, இடுப்பு வலிக்குச் சில நாள், சில வாரத்துக்கு வலி குறைகிறது என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் அவற்றின் தரம் பெரும்பாலும் சுமார்தான். 2012இல் சீன ஆய்வாளர்கள் 135 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். பலன் இருக்கலாம் என்று சொல்லிவிட்டு, பெரும்பாலான ஆய்வுகளில் குறை இருப்பதையும் அவர்களே எழுதினார்கள். இன்னொரு சிக்கல், மாத்திரைக்குப் போலி மாத்திரை கொடுத்து ஒப்பிடுவது போல இதில் எளிதாகச் செய்ய முடியாது. முதுகில் குவளை ஒட்டியிருக்கிறதா இல்லையா என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். ரத்தக்கொதிப்பு, சர்க்கரை, தைராய்டு, குழந்தையின்மை எல்லாவற்றுக்கும் ஒரே குவளை என்று எழுதிய பலகையை நம்பாதீர்கள்.

உங்கள் கணக்கு எளிது. ஒரே இடத்தில் இரண்டு அமர்வுக்கு நடுவே குறைந்தது ஒரு வாரம், தழும்பு முழுக்க மறைய வேண்டும். மூன்று நான்கு அமர்வில் குனிந்து நிமிரும்போது வித்தியாசம் தெரியாவிட்டால் நிறுத்திவிடுங்கள். அதனால்தான் பத்துக்கு மொத்தமாகப் பணம் கட்டும் பேக்கேஜ் வேண்டாம் என்கிறோம். அந்தந்த முறைக்கு அப்போதே கொடுங்கள். கூடவே இடுப்புத் தசைக்கான பயிற்சியை அரசு மருத்துவமனை பிசியோதெரபி பிரிவில் கற்றுக்கொள்ளுங்கள். வலி காலில் மின்சாரம் போல இறங்கினால் முதலில் மருத்துவர், பிறகுதான் மற்றது.

சில்லறைக் கேள்விகள்

*உடல் எடை குறையுமா?* குறையாது.

*செய்த அன்று குளிக்கலாமா?* நாலைந்து மணி நேரம் கழித்து வெதுவெதுப்பான தண்ணீரில் குளிக்கலாம். குளிர்ந்த தண்ணீரும் காற்றும் ஆகாது என்பது சீன மரபின் கட்டுப்பாடு. அன்றைக்குத் தோல் கூசும் என்பதால் கடைப்பிடிப்பதில் நஷ்டமில்லை. கீறியிருந்தால் மறுநாள் வரை கட்டு நனைய வேண்டாம்.

*பத்து வயதுப் பையனுக்குச் சளிக்கு வைக்கலாமா?* வேண்டாம். குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

*மாதவிலக்கு நாளில்?* தள்ளிப்போடுங்கள். கீறும் கப்பிங் என்றால் கட்டாயம் தள்ளிப்போட வேண்டும்.

*மூன்று நாளைக்குக் கறி, மீன், முட்டை கூடாதாமே?* அப்படியொன்றும் இல்லை. ரத்தம் எடுத்துக்கொண்டவர் முட்டையும் கீரையும் கொஞ்சம் கூடுதலாகவே சாப்பிடலாம்.